மேற்கு வரப்பு

02.09.2025, செவ்வாய். மாலை 6.40. தட்டச்சு வகுப்பு.
ஒரு சின்னத் தவறு. "குருவி விரட்ட வயலைச் சுற்றிக் கட்டிய ரிப்பனை நாலு பக்கமும் அவிழ்த்தாயிற்று" என்று மத்தியானம் எழுதியிருக்கிறேன். மூன்று பக்கம்தான் அவிழ்த்தேன். சாப்பிட்டுவிட்டு மேற்கு வரப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஆம்புலன்ஸ் தெருவுக்குள் பின்பக்கமாக நகர்ந்து வந்தபோது, குந்தவை அந்த நோட்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தாள்.

அப்பாவை இறக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். கழுத்திலிருந்து கன்னம் வரை ஆஸ்பத்திரியில் துணி சுற்றியிருந்தார்கள். நெற்றி மட்டும் தெரிந்தது. திருநீறு பூச அந்த இடம் போதும். அம்மா பூசினாள்.

செவ்வாய் இரவு அவள் வீடு திரும்பியபோது அப்பா தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தாள். காற்று எழும்புவதற்குள் மருந்தடிக்க வேண்டும் என்று அவர் ஐந்தரைக்கே வயலுக்குப் போய்விட்டார். அவள் எழுந்தது ஆறு மணிக்கு. ஆறே காலுக்கு யாரோ கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மேற்கு வரப்பில் மருந்தடிக்கும் ட்ரோனை வைத்து, அப்பா மருந்து ஊற்றிவிட்டு நாலடி தள்ளி நின்றிருக்கிறார். தரையை விட்டுக் கிளம்பி ஆள் உயரம் வந்ததும் ரிப்பன் விசிறியில் சுற்றிக்கொண்டது. ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவர் மேல் வந்து விழுந்தது.

"பொட்டச்சி கையில ரிமோட்டக் குடுத்தா இப்படித்தான் ஆவும்." வாசல் பந்தலில் ரெத்தினம் மாமா உரக்கச் சொன்னார். அம்மாவின் தம்பி. "வானத்துல பறக்கவிடத் தெரியுது, கண்ணு முன்னாடி கட்டியிருக்கற ரிப்பன் தெரியலயா?"

பக்கத்து ஊர் கவிப்ரியாவைத்தான் சொன்னார். மகளிர் குழுவில் எடுத்த ட்ரோன். பயிற்சிக்குப் போய்வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பதினோரு மணிக்கு ஏட்டு வந்தார். மாலையை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பொண்ண நேத்தும் இன்னைக்கும் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கோம். ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. 'ரிப்பன் எல்லாம் அவுத்தாச்சான்னு ஐயாகிட்ட கேட்டேன். எம்மவ நோட்டுலயே எழுதிட்டா, நீ தூக்கும்மான்னாரு'ங்குது. அப்படி நோட்டு ஏதும் இருக்கா?"

"நோட்டாவது ஒண்ணாவது," என்றார் மாமா. "மாட்டிக்கிட்டதும் செத்தவரு மேல பழியப் போடுறா. நீங்க கேஸப் போடுங்க சார்."

ஏட்டு குந்தவையைப் பார்த்தார். "நீதானம்மா பொண்ணு?"

தலையசைத்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் தரையில் உதிர்ந்திருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சமையல் கேஸை மூடினோமா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிறவள், அவர் தெருமுனை திரும்பும் வரை ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு அப்பாவை எடுத்தார்கள்.

ஆண்கள் ஆற்றில் குளித்துத் திரும்பினார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பொழுது சாயும் நேரம் குந்தவை கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். வயல் பக்கமிருந்து காற்று வந்தது. மேற்கு வரப்பில் அறுந்தது போக மிச்சமிருந்த ரிப்பன் விர்ரென்று அதிரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

அம்மா ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு இருந்தது.

"செவ்வாக்கெழம மத்தியானம் நீ உள்ள கெளம்பிக்கிட்டிருந்தப்ப, சாப்பிட உக்காந்த உங்கப்பா இதத்தான் எடுத்துப் பாத்தாரு. ரிப்பன் இருக்கான்னு ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்கன்னேன். 'எம்மவ ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் எழுதுவா'ன்னாரு."

குந்தவை அம்மாவின் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"அதுக்குக் கீழ எழுதியிருக்கியே, அதயும் படிச்சேன்."

காற்று நின்றது. சத்தமும் நின்றது.

"வெந்நீர் அடுப்பு இன்னும் அணையல," என்றாள் அம்மா. நோட்டைப் படியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

கொல்லை வெந்நீர் அடுப்பில் தென்னை மட்டை நுனி சிவந்து கனன்றுகொண்டிருந்தது. குந்தவை அதையே வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரத்துக்குக் கவிப்ரியாவை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். காலையில் மறுபடி வரச் சொல்லியிருப்பார்கள். குந்தவை ஒரு செம்பு தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். உள்ளேயிருந்து யாரும் என்னவென்று கேட்கவில்லை.

எழுத்து தெரியும் அளவுக்கு இன்னும் வெளிச்சமிருந்தது. பேனா எடுத்துவந்து தேதி போட்டாள்.

நாளை காலை ஆறு மணிக்குப் பால் தெளிக்க வேண்டும். பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போய் வந்த பிறகுதான் போனேன் என்று எழுத வேண்டும்.