பானு வீட்டுக்கு ஒரு பூனை

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரும்பு ஏணியில் ஏறி வந்த முகம்மது ஹனீப், "ஏளா பானு, ஒரு பூன வளப்போமா?" என்று கேட்டார். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அக்தர் பானுவின் கை அப்படியே நின்றுவிட்டது. வேறு யார் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. தாராவியில் பூனைகளுக்கு ஓர் எதிர்க்கட்சி இருந்தால் அதற்குத் தலைவரும் தொண்டரும் இந்த ஒரே மனிதர்தான்.

அந்தப் பகை ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. இரண்டாவது தடவையும் கரு தங்காமல் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் செம்பூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். அந்த அம்மாள் எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டில் பூனை உண்டா என்று போகிற போக்கில் கேட்டார். வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது பூனையின் கழிவைத் தொடாதீர்கள், அதில் ஒரு கிருமி இருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஹனீப் அதை அவ்வளவோடு விடுகிற ஆளா? மறுநாளே வீட்டுக்குக் கீழே தன் தோல் பட்டறையில், கார்கானாவில், பெல்ட்டுக்கு வார் வெட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த தோல் துண்டுகளை எறிந்து எறிந்து சந்தில் ஒரு பூனை இல்லாமல் துரத்தினார். சந்துப் பிள்ளைகள் அவருக்கு 'பில்லி போலீஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பூனை பிடிக்கிற போலீஸ்காரராம். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பானுவும் மற்றவர்களோடு சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அவ்வளவு பெருமை. இன்னும் வராத பிள்ளைக்கு இப்போதே காவல் நிற்கிறாரே என்று அவர்மேல் உயிராகக் கிடந்தாள்.

அந்த மனிதர்தான் இப்போது பூனை கேட்கிறார்.

"எலி தாங்க முடியல. மழ ஆரம்பிச்சதுல இருந்து ஒரே அட்டகாசம். நேத்துத் தச்சு வச்ச சரக்குல தோல்பையோட கைப்பிடி பூராத்தையும் கடிச்சுப் போட்டுருக்கு" என்றார் ஹனீப். "கிங்ஸ் சர்க்கிள்ல வாழையிலக் கட வச்சிருக்காருல்லா கணேசபாண்டியன், அவரு குடோன்ல குட்டி போட்டுருக்காம். ஒண்ணு எடுத்துக்கிடுங்கன்னாரு."

"முடி கொட்டும்லா. சோத்துல கெடக்கும்."

"கீழதான கெடக்கப் போவுது."

"ஏணி இருக்கு. மேல வராதாக்கும்?"

"வந்தா வரட்டும். ஒனக்கும் ஒரு தொணையா இருக்கும்."

பானு அடுப்பைத் தணித்தாள். அவர் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று பாக்கி இருந்தது. பிள்ளைக்கு ஆகாதே என்று அவரே சொல்வார் சொல்வார் என்றுதான் அவள் முடியையும் ஏணியையும் பேச்சில் இழுத்துக்கொண்டிருந்தாள். அவரோ தட்டைத் துடைத்து முன்னால் வைத்துக்கொண்டு சோற்றுக்குக் காத்திருந்தார்.

அவளிடமும் ஒரு சங்கதி மறைந்து கிடந்தது. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கிடையாது, நோன்பும் கிடையாது. தொழுகைக்கு விரிக்கிற முசல்லா மடித்தபடி மூலையில் கிடந்தால் அந்த மாதமும் கரு இல்லை என்று அர்த்தம். முன்பெல்லாம் ஹனீப் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டார்; ஏணியில் ஏறும்போதே அந்த மூலையைத்தான் பார்ப்பார். மடித்துக் கிடந்தால் அன்று பேச்சுக் குறைந்துபோகும்.

இந்த வருஷம் நோன்புக்கு முன்னாலேயே பானுவுக்கு மாதவிலக்கு நின்றுபோயிற்று. நாற்பதுகூட ஆகவில்லை. ஆசையோடுதான் பக்கத்து வீட்டு சாயிமாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். பிள்ளை இல்லை, சிலருக்கு இப்படிச் சீக்கிரமே நின்றுவிடும், இனி வராது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தாள், புருஷனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பிள்ளை வரும் என்று அந்த மனிதர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறபோது எப்படிச் சொல்வது? மாதாமாதம் சில நாட்கள் சும்மாவே முசல்லாவை மடித்து வைத்தாள். நோன்பு மாதத்திலும் அப்படியே சில நோன்பை விட்டாள். படைத்தவனிடமே பொய் சொல்கிறோமே என்று பயந்தாள். ஆனாலும் செய்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அவளால் முடியவில்லை. ஒரு வேளை விடாமல் தொழ ஆரம்பித்தாள். அவர் பார்ப்பார், கேட்பார், அப்போது சொல்லி அழுதுவிடலாம் என்று இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பது இந்தப் பூனைப் பேச்சில்தான் அவளுக்கு விளங்கியது. மனுஷன் பிள்ளை ஆசையை எப்போதோ கைகழுவிவிட்டிருக்கிறார். அவளுடைய நம்பிக்கை செத்துப் பல மாதமாகிறது. அவருடைய நம்பிக்கையை வைத்துத்தான் அவள் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் இல்லை என்றால் யாரை வைத்து இருப்பது? துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சோ?" என்று கேட்டாள்.

"எந்த டாக்டரம்மா?"

"செம்பூர் டாக்டரம்மா."

ஹனீப் யோசித்தார். யோசிக்கவேண்டி இருந்ததே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அது வயித்துல புள்ள இருக்கவங்களுக்குல்லா..." என்றவர் பாதியில் நிறுத்தினார். மத்தியானத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு அவள் எடுக்காமல் விட்டிருந்த முசல்லா மூலையில் விரித்தபடி கிடந்தது. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். "ஏளா, இப்பதான் தோணுது, நீ பெருநாள்ல இருந்து விடாமத் தொழுதுக்கிட்டு இருக்கியே!"

அப்படி மலர்ந்த அவர் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! ஹனீப் எழுந்து வந்து அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். "நீ உக்காரு. அடுப்ப நான் பாக்கேன். பூனையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எலி கடிச்சா கடிச்சிட்டுப் போவுது!" என்றார். தோல்கறை படிந்த கையால் அவள் தலையைத் தடவினார்.

சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்குமாவது இதை விட்டுவைத்தால் என்ன என்று பானுவுக்கு ஆசை வந்தது. ஆசைதான். ஆனால் வாசல்வரை போய்விட்டால் இந்த ஆள் சந்து முழுக்க மிட்டாய் கொடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"அது இல்லங்க."

"பின்ன?"

"நின்னு போச்சு. இனி வராதாம். ரத்தம் கொடுத்துப் பாத்துட்டேன்."

ஹனீபுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "பின்ன நோன்புல சில நாள் விட்டியே?" என்றார்.

"சும்மா விட்டேன். நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு."

அவர் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "நான் பாக்கறத விட்டு ரெண்டு வருசமாச்சு, பானு" என்றார்.

அவள் அழுவாள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும், பக்கத்திலேயே நின்றார். அழுகை வரவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் இத்தனை நாள் நின்று நடித்திருக்கிறோம் என்ற கூச்சம்தான் வந்தது. சோற்றை எடுத்து அவர் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றினாள். இருவரும் சாப்பிட்டார்கள். கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கை கழுவும்போது, "பூனையக் கொண்டு வாங்க" என்றாள்.

"வேண்டாம்ளா."

"எலி இருக்குல்லா. கொண்டு வாங்க. ஆனா கடுவனாப் பாத்துக் கொண்டு வாங்க. பொட்டப் பூன வந்து இந்த வீட்டுல குட்டி போட்டு, மடியக் கொடுத்துக்கிட்டுக் கெடக்கறத என்னால பாக்க முடியாது."

ஹனீப் தலையை ஆட்டினார். போனை எடுத்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இருக்கிற குட்டிகளில் கடுவன் எது என்று கணேசபாண்டியனிடம் தணிந்த குரலில் கேட்டார்.