இறக்கைக்குள் மறைந்த வேலை

குழந்தைசாமிக்கு வயிறு எரிந்தது. மாசக்கணக்காக வேலை செய்தவனை விட்டுவிட்டு, நேற்று வந்தவனை ஊரே மெச்சினால் வருமே, அந்த எரிச்சல்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் அருணா அம்மா நடத்தும் தங்கும் விடுதியின் முகப்பில் நிறுத்த ஒரு மாதிரி விமானம். முதல் உலகப் போரில் பறந்ததாம். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டை இறக்கை, நிஜ விமானத்தில் பாதி அளவு. போனில் இருந்த படத்தைப் பார்த்தே சில்வர் ஓக் மரத்தை இழைத்து, விலா எலும்பு மாதிரி வரிசையாகச் சட்டம் கோத்தவன் குழந்தைசாமி. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாது. என்ன பிரயோஜனம்? மேலே துணியைப் போர்த்திப் பெயிண்ட் அடித்துவிட்டால் யார் கண்ணில் படப்போகிறது?

பெயிண்ட் அடிக்க வந்தவன் பேளுக்குறிச்சி சுபாஷ். பைக்கில் மலையேறி வருவான். முதலில் பிளைவுட் வாலில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பட்டை தீட்டினான். அன்று சோறு கொண்டுவந்த கண்ணாயி, புருஷன் கோத்த இறக்கையைச் சுற்றிக்கொண்டு நேராக வாலிடம் போய் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இதை யாரு தீட்டுனது? என்ன கை பாருங்க."

கட்டின பெண்டாட்டி. கல்யாணமான நாளிலிருந்து அவன் செய்த ஒரு கட்டிலுக்குக்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் சுபாஷ் மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சினான். அதில் நனைத்த துணியைச் சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டினால், காய்ந்து விறைத்துக்கொள்ளும், பெயிண்ட் நிற்கும்.

"அண்ணா, இதுல வேற எதாச்சும் கலக்கோணுங்களா? எனக்குச் செவுத்து வேலைதான் பழக்கம்."

மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பைக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் எலி விடாது. மிளகுக் கொடிக்கு அடித்த மிச்சம் குழந்தைசாமி வீட்டிலேயே கிடந்தது.

"வெறுங் கஞ்சியே போதும் கண்ணு," என்றான் குழந்தைசாமி. இவன் பவிசு எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிடலாம்.

பாசிப்பச்சையில் இறக்கை அம்சமாக வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொள்ளவே, விமானத்தைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். வெயில் வந்ததும், அதை முகப்பில் ஏற்றுவதைப் பார்க்க ஊர்சனம் கூடியது. கதவைத் திறந்தால், துணி கந்தல் கந்தலாகத் தொங்கியது.

குழந்தைசாமிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கிட்டே போனதும் அந்தக் குளிர்ச்சி ஓடிவிட்டது. எலி துணியோடு நிற்கவில்லை. கஞ்சி ஊறிய சட்டங்களையும் கொறித்துத் தள்ளியிருந்தது.

"என் தப்புங்க," என்றான் சுபாஷ் அருணா அம்மாவிடம். "அண்ணன் வேலையும் சேந்து வீணாப்போச்சு."

கண்ணாயி கந்தலை விலக்கி, மிஞ்சிய சட்டங்களை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இத்தனை நேர்த்தியா நீங்களா செஞ்சீங்க? அன்னைக்கே காட்டியிருக்கலாமில்லீங்க."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் ஏங்கிக் கிடந்தான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் விரல் எலி கொறித்த இடத்தில் நின்றது.

"நம்ம கோயில் தேருக்குத் துணி ஒட்டறப்ப, கஞ்சியில துத்தம் போடாட்டி எலி வந்துரும்னு ஊருக்கே சொன்னீங்களே. இந்தப் பையன்கிட்டச் சொல்லலீங்களா?"

குழந்தைசாமி குனிந்து கந்தலைப் பொறுக்கத் தொடங்கினான்.

"நான் கேட்டேனுங்க அக்கா, வெறுங் கஞ்சியே போதும்னாருங்க அண்ணன்," என்றான் சுபாஷ்.