வாய் திறக்காத ஏலம்

கீழே பொத்தான் கடை, மேலே வீடு. வாசலில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாமவர் தெருவில் நின்றுதான் கேட்க வேண்டும், அகலம் அவ்வளவே. அப்பா போன பிறகு இதை அக்காவுக்கும் தம்பிக்கும் பிரித்துத் தரும்படி வழக்கு. நீதிமன்றம் நியமித்த கமிஷனர், ஓர் இளம் வக்கீல், டேப் பிடித்து அளந்தார். குறுக்கே பிரித்தால் ஒருவருக்கு மாடி, இன்னொருவருக்கு மாடிப்படி என்று அறிக்கை எழுதினார். அவருக்கு விளையாட்டுப் பேச்சே வராது.

வழக்கு வந்த விதம் இப்படி. அக்காவுக்குக் கல்யாணம் இல்லை. அப்பாவோடு கல்லாவில் நின்றே தலை நரைத்தது. பிடித்த சரக்கைப் பிடித்ததாகக் காட்டக் கூடாது, முதலில் விலை சொல்லக் கூடாது என்பது அந்தக் கடையின் படிப்பு. அதில் அவள் எவ்வளவு தேறியிருந்தாள் என்றால், கடைத்தெருவில் அவளுக்குப் பெயரே கல்லுமுகம். தம்பி வெளியூரில் ஜவுளி மொத்த வியாபாரி. அவனும் அதே கல்லாவுக்கு அடியில் தவழ்ந்தவன்தான்.

அவன்தான் போனில் ஆரம்பித்தான். “வீட்டை என்னக்கா பண்ணலாம்?”

“உன் இஷ்டம்டா. எனக்கென்ன வந்தது.”

“அப்போ வக்கீலை வச்சு முறைப்படி பண்ணிடலாமா?”

“தாராளமா பண்ணு.”

அவள் தடுப்பாள் என்று அவன் இருந்தான். அவன் பின்வாங்குவான் என்று அவள் இருந்தாள். இருவருமே நல்ல வியாபாரிகள் என்பதால் விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

பிரிக்க முடியாத வீடு. எனவே பங்குதாரர்கள் இருவரும் தங்களுக்குள் ஏலம் கேட்கலாம், எவரும் கேட்காவிட்டால் வெளி ஏலம் என்று உத்தரவானது. அக்காவுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. சீட்டுப் பணத்தையும் வளையலையும் சேர்த்துத் தயாராக வைத்திருந்தாள்.

“நேரா விலையைச் சொல்லிடுங்கம்மா,” என்றார் அவளுடைய வக்கீல்.

“நீங்க சட்டம் படிச்சவரு ஐயா. நான் என் தம்பியைப் படிச்சவ. நான் முதல்ல சொன்னா அவன் என் தலைமேல ஏறி நிப்பான்.”

கமிஷனர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். தம்பி நகத்தைப் பார்த்தான். கமிஷனர் கேட்டார். திரும்பவும் கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறையும் கேட்டார். பிறகு, கேட்பார் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அக்கா அதற்கும் கலங்கவில்லை. வழக்கு மண்டிய சந்து வீடு, உள்ளே நகராத கிழவியாக அவளே. எந்தப் புத்தியுள்ளவன் வருவான்? வெளி ஏலத்தில் இன்னும் மலிவாக எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். ஏலத்துக்கு முன்பே, எல்லோர் காதிலும் விழும்படி, “எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்குங்க,” என்றார். இப்படியும் ஒரு வியாபாரியா என்று அக்காவுக்கு அவர்மேல் பரிதாபமே வந்தது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டே போனார். சீட்டுப் பணத்தைத் தாண்டினார், வளையலைத் தாண்டினார். அவள் நின்றுவிட்ட இடத்தில் அவர் மூச்சுகூட வாங்கவில்லை.

கோர்ட் விற்பனையை உறுதி செய்து, சாவி கொடுக்கும் நாளும் வந்தது. தம்பி வந்திருந்தான். அலமாரிகள் போன கடையில் இருவரும் நின்றார்கள். வழக்கு தொடங்கிய பின் வக்கீல் இல்லாமல் பேசியது அன்றுதான்.

“அன்னிக்கு கமிஷனர் ரூம்ல ஏன்டா வாயே தொறக்கல?”

“நீ ஒரு விலை சொல்லுவேன்னு இருந்தேன். எது சொன்னாலும் சரின்னுட்டு எழுந்து போயிடலாம்னுதான் வந்தேன்.”

“எது சொன்னாலுமா?”

“ஒரு ரூபா சொல்லியிருந்தாலும்.”

“அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நம்பியிருப்பியா நீ?”

அவள் யோசித்தாள். நம்பியிருக்க மாட்டாள். இதில் என்ன சூது என்று இரவெல்லாம் உருட்டிப் பார்த்திருப்பாள்.

“நீ கேக்கலன்னதும், உனக்கு இந்த வீடு சலிச்சுப் போச்சுன்னு நினைச்சு, வெளி ஏலத்துக்கே வராம இருந்துட்டேன்க்கா.”

“எனக்கு இந்த வீடு வேணும்டா,” என்றாள் அக்கா.

எந்தப் பொருளைப் பற்றியும் அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவளுடைய மோவாய் நடுங்கியது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

தம்பி தெருவுக்கு ஓடினான். மருந்துக்கடைக்காரர் பெயர்ப்பலகைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், வீட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. நீங்க சொல்றதுதான் விலை. குறைச்சுக் கேக்க மாட்டேன்.”

“மன்னிச்சுக்குங்க தம்பி. நானும் பிடிச்சுதான் வாங்கினேன்.”

“விலையை மட்டும் சொல்லுங்க சார்.”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். தம்பி பர்ஸைத் திறந்த கையோடு அப்படியே நின்றான். ஜவுளிச் சந்தையில் அவனை அந்தக் கோலத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தம்பியின் பர்ஸை மடக்கி அவன் சட்டைப்பையில் வைத்தாள். சாவியைப் புதியவர் கையில் கொடுத்தாள்.

“மாடி ஜன்னல் மழைக்கு இறுகிக்கும்ங்க,” என்றாள். “இழுக்காதீங்க. லேசா மேல தூக்கி, அப்புறம் தள்ளணும்.”