கழிவுத்துணி மூட்டை

தொழிலாளியை எது வேலை செய்ய வைக்கிறது என்று கற்றுக்கொள்ள, போன மார்ச்சில் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு சான் பெட்ரோ சூலா நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார்கள். அடியில் சாப்பாடு, அதன்மேல் பாதுகாப்பு, பிறகு மதிப்பு. உச்சியில், யாரும் தள்ளாமலே உள்ளிருந்து கிளம்பும் உந்துதல். அந்த உச்சியில் எனக்கு என் முகம்தான் தெரிந்தது. ஆறு வருடம் முன்பு, அம்மா செத்த வாரத்தில், தினமும் நாற்பது கட்டு காலர் தைத்தவள் நான்.

இப்போது சோலோமா சட்டை ஆலையில் ஏழாம் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். திங்கள்தோறும் நாற்காலியில் ஏறி நின்று அந்தக் கதையைச் சொல்வேன். "யாரும் எனக்குக் கை குடுக்கலடி. எல்லாம் இங்கேருந்து வந்தது" என்று நெஞ்சைத் தட்டுவேன். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மரியாதை என்று நினைத்தேன்.

ஒரு திங்களன்று என் லைன் பெண் சுயாப்பா வேலைக்கு வந்திருந்தாள். சனிக்கிழமைதான் புருஷனை அடக்கம் செய்தார்கள். ஒன்பது நாள் ஜெபம்கூட முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாதவள். ஒரு நாள் நாற்பது கட்டுக்குக் குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

மதியம்வரை ஏழு கட்டுகூட ஆகவில்லை. ஆனால் சாயந்திரம் கணக்குப் பலகையில் அவள் பெயருக்கு நேரே நாற்பது.

அவள் கட்டு ஒன்றைப் பிரித்தேன். காலர் முனையில் இரட்டைத் தையல். ஏழு வருடமாக அப்படித் தைப்பவள் டெல்மிரா ஒருத்திதான். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நேரே போய் அவள் மெஷினுக்கு அடியிலிருந்த கழிவுத்துணி மூட்டையை இழுத்தேன். கந்தலுக்கு நடுவே பதினொரு கட்டு, பெயர் எழுதாத சீட்டுகளோடு.

"எத்தனை நாளா நடக்குதுடி இது?"

"நாம சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்து. கை ஓடுற அன்னிக்கு ஒரு கட்டு போட்டு வைப்போம். ஓடாதவளுக்கு எடுத்துக் குடுப்போம்."

"இது ஏமாத்து வேலை. எங்கம்மா செத்த வாரம் நான்..."

"போதும் நோயெமி." டெல்மிரா கத்தரியைக் கீழே வைத்தாள். "அந்த வாரம் நீ ஒருநாளும் பதினஞ்சைத் தாண்டலை. அழுதுகிட்டே காலரைத் தலைகீழாத் தச்சே. சாப்பாட்டு நேரத்துல நாங்க உக்காந்து பிரிச்சோம்."

"சீட்டுல என் பேரு..."

"நாங்க எழுதினது."

"ஏன்டி சொல்லலை?"

"நீ கொஞ்சம் தெம்பா நடந்தே. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

இத்தனை மாதம் அவர்கள் தலையைக் குனிந்தது எனக்காகக் கூசித்தான். அம்மா செத்த அன்றுகூட நான் இப்படித் தனியாக உணரவில்லை. அன்று என்னைச் சுற்றி இவர்கள் இருந்தார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

ஆலை இன்ஜினியர் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். "அடேங்கப்பா, சுயாப்பா! நோயெமி, இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். உன் கதையைக் கேட்டுத்தான் இந்தப் பொண்ணு இப்படி உழைச்சான்னு போடட்டுமா?"

மூட்டை என் காலடியில் கிடந்தது. டெல்மிரா என்னையே பார்த்தாள். சுயாப்பா பார்க்கவில்லை, அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"போடுங்க சார்" என்றேன்.

அவர் போனதும் மூட்டையை மெஷினுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த திங்கள் நான் நாற்காலியில் ஏறவில்லை. காலியாக இருந்த மெஷினில் உட்கார்ந்து ஒரு கட்டு தைத்து, சீட்டில் பெயர் எழுதாமல் டெல்மிராவிடம் நீட்டினேன். அவள் ஒரு காலரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முனை கோணலா இருக்கு, சூப்பர்வைசரம்மா. இதை யார் தலையில கட்டுறது? பிரிச்சுத் தை."

பிரித்துத் தைத்தேன்.