தம்பி கூப்பிடுகிறான்

எர்மிலேயின் வலது பூட்ஸைப் பறித்துக்கொண்டு தெஸ்பினே சமையலறைக்கு ஓடினாள். ஐம்பத்து நான்கு வயது முன்னாள் மந்திரி, ஒற்றைப் பூட்ஸோடு நொண்டியபடி மனைவியைத் துரத்தினார்.

"குடுத்துடு தெஸ்பினே! மூணு மணிக்கு ரயிலு!"

"ஜார்ஜியால கால வச்ச அன்னிக்கே சுட்டுடுவாங்க உங்கள!"

"வலிகோ கூப்பிடறான்டி. சொந்தத் தம்பி!"

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, வாசலில் நின்று வேடிக்கை பார்த்த என் மூக்குக்கு நேரே ஆட்டினார். தேதி ஜூலை பன்னிரண்டு. எங்கள் தலைநகர் த்பிலிசியிலிருந்து ஆள் மாறி ஆள் கொண்டுவந்தது. 'கிளர்ச்சிக்கு எல்லாம் தயார். நீ வந்தால் போதும்.' அச்சு அசல் வலிகோவின் கையெழுத்து.

ரஷ்ய போல்ஷெவிக்குகள் எங்கள் ஜார்ஜியாவைப் பிடித்து மூன்று வருஷம். பாரிசுக்கு வெளியே ஓட்டை விழுந்த இந்த மாளிகையில், கவிழ்ந்துபோன எங்கள் அரசாங்கம் பீன்ஸ் பயிரிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் வலிகோவைக் கட்சி வேலையாக ரகசியமாய் ஊருக்கு அனுப்பியதே எர்மிலேதான்.

"யோவ் மந்திரி, உன் பீன்ஸ யாரு பறிப்பா?" என்றேன்.

"நீ பறி, சாம்சன். ஜார் மன்னன் நம்மள நாடுகடத்தினப்ப சைபீரியாவுல உனக்கும் சேத்து நான்தானே விறகு வெட்டினேன்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியனுப்பும் விருந்து. மூன்றே பேர். எங்கள் ஊர் வழக்கப்படி விருந்துக்குத் தலைமை நான், நான் பெயர் சொன்னால்தான் மற்றவர்கள் குடிக்கலாம். உயிரோடு இருப்பவருக்குக் கிண்ணத்தை உயர்த்துவோம். இறந்தவருக்கு ரொட்டியில் ஒயினைச் சொட்டுவோம். நாட்டுக்குக் குடித்தோம். பயணத்துக்குக் குடித்தோம்.

"இப்ப என் தம்பிக்குச் சொல்லுடா," என்று கிண்ணத்தைத் தூக்கினார் எர்மிலே.

தெஸ்பினே என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்கிறாளா, சொல்லித் தொலை என்கிறாளா, புரியவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்தேன். கிண்ணத்தைச் சாய்த்தேன். சிவப்பு ஊறிப் பரவியது.

எர்மிலேயின் கை அந்தரத்தில் நின்றது.

"பைத்தியமாடா உனக்கு? அவன் உயிரோட இருக்கான்! கடுதாசி போட்டிருக்கான்!"

"அது அவன் எழுதினது இல்லீங்க, உங்களப் புடிக்க அவங்க வச்ச பொறி." என்றாள் தெஸ்பினே. "நீங்க அனுப்பின புள்ளையாச்சே, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் மறைச்சிட்டோம். வலிகோவ ஏப்ரல் மாசமே சுட்டுட்டாங்க."