முள்ளம்பன்றியின் சம்மதம்

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஜூலியட் செய்கிற முதல் காரியம், தன் கம்பளிச் சால்வையைக் கணினித் திரையின்மேல் காயப்போடுவதுதான். கொடைக்கானலின் காலைப் பனி அவளோடு கூடவே நடந்துவந்து சால்வையில் ஏறியிருக்கும். அந்தத் திரையை அவள் ஒருநாளும் ஒளிரவிட்டதில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவளுக்கு அதனால் ஆவதொன்றும் இல்லை. திரையில் வருவதையெல்லாம் வாசித்துச் சொல்ல ஒரு குரல் கணினிக்குள் இருந்தது. எந்த வேலைக்கு எந்த விசை என்பது விரல்களில் இருந்தது. அவை இரண்டையும் கொண்டு அந்த விடுதிப் பள்ளியின் கடிதங்களையும் பட்டியல்களையும் பல்லாண்டுகளாக அவள்தான் கவனித்துவந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வெள்ளனே பேச ஆரம்பிச்சிட்டாரு" என்பாள் அடுத்த மேசை லீமா, அந்தக் குரலைக் கேட்டு.

"பேசட்டும். ஒன் வீட்டுக்காரரு மாதிரி இவரு காப்பி கேக்குறதில்ல. சோலியப் பாரு."

ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய அலுவலக மென்பொருளுக்கு இனிப் பணமில்லை என்று நிர்வாகம் கைவிரித்தபோதுதான் வினை தொடங்கியது. இலவசமாகக் கிடைப்பது ஒன்று இருக்கிறது, அதிலும் எழுதலாம், கணக்குப் போடலாம், அச்செடுக்கலாம் என்றான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அருளப்பன். அவன் சொன்னது உண்மைதான். லீமா இரண்டே நாளில் அதைப் பழகிக்கொண்டாள்.

ஜூலியட்டின் விரல்களோ, மூடுபனியில் பேருந்து தவறான வளைவில் இறக்கிவிட்டுப்போன பயணியைப்போல் நின்றன. பழகிய விசையை அழுத்தினால் பழகாத இடம் திறந்தது. அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இருப்பதைச் சொன்ன குரல், அது எந்தப் பத்தியின் கட்டம் என்பதைச் சொல்லவில்லை. சொல்லவைக்கும் வழி இருந்திருக்கலாம். அவளுக்கு அது தெரியவில்லை.

"தம்பி, பழசு எங்க?"

"எடுத்தாச்சுக்கா. இதுவும் அதே மாதிரிதான், பழகிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"வெரசா முடிக்கச் சொல்லிட்டாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே அவன் நகர்ந்துவிட்டான்.

அந்த வாரமே விடுமுறை வந்தது. எந்தப் பிள்ளை எந்த ஊர், எந்தப் பேருந்து என்ற பட்டியலை ஜூலியட்தான் ஆயத்தம் செய்தாள். ஊர்களை அகர வரிசைப்படி அடுக்கினாள். ஊர்ப் பத்தி மட்டும் நகர்ந்தது. பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன; ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே இன்னொரு பிள்ளையின் ஊர் வந்தது. குரல் வாய் திறக்கவில்லை. விடுமுறை அவசரத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பெரிய பிள்ளைகள் தத்தம் ஊர்ப் பேருந்தைத் தாங்களே தேடி ஏறிவிட்டார்கள். மேலே பூம்பாறைக்குப் போகவேண்டிய, அவ்வாண்டுதான் பள்ளியில் சேர்ந்திருந்த சின்னஞ்சிறுமி, ஏறச் சொன்ன பேருந்தில் ஏறி, மலையிறங்கி ஆயக்குடியில் நின்றாள். கொய்யா விற்கிற ஒரு பெண் அவளைத் தன்னோடு உட்காரவைத்துப் பள்ளிக்குத் தகவல் சொன்னாள். அதுவரை பூம்பாறையில் தூறலில் காத்துநின்ற தகப்பன் நல்லசாமி, மறுநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"யாரு பட்டியல் போட்டது? ஏந்தாயி, எம்பிள்ள என்ன பூண்டு மூட்டையா, ஊரு மாத்தி எறக்கிவிட?"

ஜூலியட் எழுந்து நின்றாள். அந்தப் பிள்ளை இனி இங்கே படிக்காது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை தாளாளர் அழைத்தார். அருளப்பனும் அங்கே இருந்தான்.

"ஒங்களக் குத்தம் சொல்லலம்மா. ஆனா இந்த வேல இனி ஒங்களுக்குச் சிரமம். டெலிபோன் மேசைக்கு வந்துருங்க."

"ஃபாதர், புதுசு எனக்குப் பிடிபடல."

"நீங்களே போட்டுப் பாத்து, ஒரு கஷ்டமும் இல்லன்னு சொன்னதா அருளப்பன் மீட்டிங்ல சொன்னாரே."

அறையில் ஒரு செருப்பு தரையைத் தேய்க்கும் ஒலி மட்டும் கேட்டது. ஜூலியட் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தவறவிட்டவள் எதைச் சொன்னாலும், பழியை அடுத்தவன் தலையில் கட்டுவதாகவே இருக்கும்.

ஒரு பழங்கதை உண்டு. காட்டு விலங்குகள் ஒருமுறை பட்டப்பகலில் கூட்டம் போட்டு, ஓடைக்குப் போகும் பழைய தடத்தை மூடிப் புதுத்தடம் வெட்டுவதென்று தீர்மானித்தனவாம். முள்ளம்பன்றியைக் கேட்டாயிற்றா என்றது யானை. கேட்டேன், அதற்கும் சம்மதம்தான் என்றது நரி. முள்ளம்பன்றி பகலில் வளைக்குள் உறங்குகிற பிராணி என்பதை அங்கே ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிரவு பழைய தடத்தில் இறங்கிய முள்ளம்பன்றி, வெட்டிப்போட்ட முட்களுக்குள் சிக்கியது. முள்ளுக்குள் முள் சிக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது?

டெலிபோன் எப்போதாவதுதான் ஒலித்தது. ஜூலியட்டின் பழைய மேசையில் லீமா தட்டெழுதும் ஓசை நாளெல்லாம் அவள் காதில் விழுந்தது. லீமா இப்போது கேலி பேசுவதில்லை. ஜூலியட்டின் விரல்கள் வெறும் பலகையில் பழைய விசைகளைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தன. சால்வை மடியிலேயே ஈரமாகக் கிடந்தது. இனி ஓய்வு பெறும்வரை இப்படித்தான் என்று எண்ணியபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பினார்கள். பூம்பாறைச் சிறுமி திரும்பவில்லை. அன்றைக்குத்தான் அருளப்பன் ஜூலியட்டின் மேசைக்கு வந்தான்.

"ஃபாதர்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? அத விடு. எங்கிட்டக் கேக்க மறந்துட்டியா, இல்ல நெனச்சுத்தான் கேக்காம விட்டியா?"

"நெனச்சேன்க்கா. கேட்டா, முடியாதுன்னுருவீங்க, வேல நின்னுரும்னு விட்டுட்டேன். நேத்து என் கம்ப்யூட்டர் திரைய அணைச்சுட்டு, குரல மட்டும் வச்சு ஒரே ஒரு வரி அடிச்சுப் பாத்தேன். அதச் சேமிக்கக்கூட வழி தெரியல."

"எனக்குக் காசும் ஒண்ணுதான், ஓசியும் ஒண்ணுதான் தம்பி. நீ கூட ஒக்காந்து சொல்லிக்குடுத்திருந்தா ஓசியவே படிச்சிருப்பேன்."

அவன் அவளையும் அழைத்துக்கொண்டு தாளாளரிடம் போனான். கேட்காமலே கேட்டதாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டான். தாளாளர் அவனைக் கடிந்துகொண்டது நெடுநேரம் நீடித்தது. மேசை ஜூலியட்டுக்குத் திரும்பக் கிடைத்தது. அவள் கணினியில் மட்டும் பழையதும் இருக்கட்டும், புதியதை அருளப்பன் உடனிருந்து பழக்கட்டும், எதில் வேலை செய்வதென்பதை அவளே முடிவு செய்யட்டும் என்றாயிற்று. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்:

"அந்தப் பிள்ளைக்கு என்ன வழி?"

மறுநாள் விடிந்ததும் இருவரும் பூம்பாறைப் பேருந்தில் ஏறினார்கள். படிப்படியாக இறங்கிய வயல்களின் நடுவே, பூண்டு வாசம் அடித்த வரப்பில், அருளப்பனின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தாள் ஜூலியட். நல்லசாமி களை பிடுங்கும் ஓசை கேட்டது; அவர்கள் நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

"அய்யா, அன்னைக்கு நீங்க அக்காவ ஏசுனீங்க. ஏச்சு எனக்கு வரவேண்டியது" என்றான் அருளப்பன். "அவங்களுக்குப் பழக்கமில்லாதத, அவங்களக் கேக்காமலே மாத்துனது நான். கேட்டேன்னு பொய் சொன்னதும் நான். பிள்ளைய மறுபடி அனுப்புங்கய்யா. போக வர நானே கூட வர்றேன்."

களை பிடுங்கும் ஓசை நின்றது. நல்லசாமி கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"தாயி, அன்னைக்கு வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார் ஜூலியட்டைப் பார்த்து. பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார். "அனுப்புறதும் அனுப்பாததும் நான் சொல்லக்கூடாது. இருங்க, எம்பிள்ளையக் கேட்டுட்டு வர்றேன்."