அரைச் சுருதி இறங்கிய பாட்டு

லிஃப்ட்காரருக்கு எழுபத்துமூன்றாவது வயதில் பொறாமை வந்தது. அம்மையும் பொறாமையும் வரவேண்டிய வயதில் வந்துவிட வேண்டும். பிந்தி வந்தால் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும்.

நாற்பது வருஷம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு வாரமாக அவர் வீட்டுக் கூடத்தில் கேட்கிற சத்தம் வேறு. மனைவி தினமும் குளித்த கையோடு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ரெக்கார்டு பிளேயர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ராக் குழுவில் பாடியவள். பையன்கள் முடி வெட்ட மறுத்த ஹிப்பி காலம் அது. நான்கு பையன்கள், இவள் ஒருத்தி, பூப்பூவாகப் பெயின்ட் அடித்த ஒரு வேன். சண்டை வேண்டாம், அன்பு போதும் என்று ஊர் ஊராகப் போய்க் காது கிழியப் பாடினார்கள். அன்பு வந்ததோ இல்லையோ, அக்கம்பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். குழுவில் இவளுக்குப் பெயர் வெண்கலம். குரல் அப்படி. அவர்கள் போட்டது ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு. அதில் இவளோடு சேர்ந்து பாடி, கிட்டாரும் வாசித்தவன் சுருட்டை. உறையில் படம்கூட இருக்கிறது: மணிமாலையும் தோள்வரை சுருள்முடியுமாக அவன், அவன் தோளில் சாய்ந்துகொண்டு இவள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நகர மன்றத்தில் அந்தக் காலத்துக் குழுக்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டுப் பாடப்போகின்றன. அதற்காகச் சுருட்டை தினமும் போன் செய்தான்.

"டேய், நீ இன்னும் போய்ச் சேரலையாடா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த 'டா'தான் லிஃப்ட்காரரைக் குத்தியது. தனக்கு நாற்பத்தெட்டு வருஷமாக 'ஏங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க'. மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போன நேரத்தில் ரெக்கார்டு பிளேயரைக் கவிழ்த்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூவைக் கொஞ்சம் திருகினார். தட்டு மந்தமாகச் சுற்றியது. சுருட்டையின் குரல் மூக்கடைத்தவன் குரலாக வந்தது. ஆஹா என்று இருந்தது அவருக்கு. இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

"என்னங்க, இவன் குரல் கனமா இருக்கு?" என்றாள் அவள், வந்ததும்.

"பழைய தட்டு. அது பின்ன எப்படி இருக்கும்?"

அவள் நம்பிவிட்டாள். வேன் காலத்துப் பழக்கப்படி, தட்டில் கேட்ட சுருதிக்கே தன் கிட்டார் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டாள். அந்தக் குழுவில் சுருதி பார்க்கக் கருவியெல்லாம் கிடையாது. முதலில் எது ஒலிக்கிறதோ அதற்கு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

அந்தப் பாட்டின் முடிவில் ஓர் உச்சம் வரும். இரண்டு வாரமாக அங்கே போகும்போதெல்லாம் அவள் குரல் கிழிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எட்டாவிட்டால் மேடை ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டிருந்தாள். புதன்கிழமை காலை அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

"ஏங்க! தொட்டுட்டேங்க! அப்படியே போய் நின்னுச்சு!"

அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். லிஃப்ட்காரருக்கு ஸ்குரூ ஞாபகம் வந்தது. மோட்டார் மெதுவானால் குரலும் இறங்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவள் தொட்டது பழைய உச்சத்தை அல்ல, அதற்கு அரைச் சுருதி கீழே. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சரியான சுருதியில் வாசிப்பார்கள். அத்தனை பேர் முன்னால் இவள் குரல் கிழியும்.

இப்போதே சொல்லிவிட்டால் போகவே மாட்டாள். அதுவும் ஒரு வகையில் வசதிதானே என்று ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நகர மன்றத்தில் அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் போய்ச் சுருட்டையைத் தேடிப் பிடித்தார். சுருட்டைக்கு மண்டையில் ஒரு முடி இல்லை. அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. பாழாய்ப்போனவன் மொட்டையிலும் அழகாகத்தான் இருந்தான்.

"அரைச் சுருதி இறக்கி வாசிக்க முடியுமா?"

"அவ கேட்டாளா?"

"இல்ல. அவளுக்குத் தெரியாது." ஸ்குரூ கதையைச் சொன்னார்.

"எதுக்குங்க அதைத் திருகினீங்க?"

லிஃப்ட்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க மேல பொறாமை. இன்னைக்கு நேத்து இல்ல, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

சுருட்டை அவரையே பார்த்தான். பிறகு திரும்பி, "எல்லாரும் கம்பியை அரைச் சுருதி தளர்த்துங்கப்பா, எனக்குத் தொண்டை சரியில்ல!" என்று கத்தினான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்தப் பெரிய மனசும் லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை.

அவள் பாடினாள். உச்சத்தைத் தொட்டு, அங்கேயே நின்று, சிரித்துக்கொண்டு சுருட்டையைத் திரும்பிப் பார்த்தாள். மன்றம் எழுந்து நின்றது. கடைசி வரிசையில் கை வலிக்கத் தட்டியவர் லிஃப்ட்காரர்தான். வயிறும் எரிந்தது.

மறுநாள் காலை சத்தமில்லாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"அதை விடுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "சுருட்டை எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"தப்புதான். உன் பாட்டைக் கெடுக்கணும்னு..."

"பாட்டு கிடக்கட்டும். அரைச் சுருதி இறக்கினா குடியா முழுகிடும்? இந்த வயசுல எல்லாரும் இறக்கித்தான் பாடுறாங்க." அவள் கண் சிவந்திருந்தது. "நாப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாளாவது அந்த வேனைப் பத்திக் கேட்டிருப்பீங்களா? நான் தட்டை எடுத்தா நீங்க பேப்பரை எடுத்துப்பீங்க. இவருக்கு ஒண்ணுமே இல்லபோலன்னு நானும் கிட்டாரைத் தூக்கி அலமாரி மேல போட்டேன். இப்ப பார்த்தா, பொறாமைன்னு போய் அவன்கிட்ட சொல்லியிருக்கீங்க. நான் கேட்கவேண்டியதை அவன் கேட்டிருக்கான். எனக்கு வயிறு எரியுது."

லிஃப்ட்காரர் ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டினார்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?" என்றாள்.

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து, அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த வேன்ல நீ எந்தப் பக்கம் உட்காருவே?" என்று கேட்டார்.